மேகத்துக்கும் மறையாத நட்சத்திரம்

 

கொஞ்சம் நீண்ட பதிவு. நேரமில்லாதவர்கள் கீழே உள்ள படத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போகலாம், கோபிக்க மாட்டேன். போன கிழமை அந்தப் படத்தை ஸ்டேட்டஸில் போட்டதிலிருந்து மூன்று கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. "சேர், இது நெட்ல எடுத்த படமா?" "இந்த மெஷின்ல பிறை பார்க்கலாமா?" "எவ்வளவு முடிஞ்சது?" இரண்டாவதை கொழும்பு பெரிய பள்ளிவாசலுக்கும் உலமாக்களுக்கும் விட்டுவிடுகிறேன். மூன்றாவதற்குப் பதில் எழுதினால் என் மனைவியும் வாசிப்பார். ஆகவே முதல் கேள்விக்கு மட்டும் பதில்.

இல்லை, நெட்டில் எடுத்தது இல்லை. பெல்மதுளைக்கு மேலே, நான் படிப்பிக்கும் தோட்டத்தின் மாரியம்மன் கோயில் முற்றத்தில் எடுத்தது. எடுத்தது நானும் இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

பலருக்கு நினைவிருக்கும், 2022 மார்ச் கடைசியில் நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தோமே. ஊரெல்லாம் திட்டிக்கொண்டிருந்த அந்த இரவுகளில்தான் தோட்டத்துப் பிள்ளைகள் என்னிடம் வானத்தைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தார்கள். லயத்து வாசலில் குந்தியிருந்தவர்களுக்குப் பார்க்க வேறு ஒன்றும் இருக்கவில்லை. வகுப்பில் சூரியத் தொகுதியை மூன்று முறை படிப்பித்தும் ஒரு கேள்விகூடக் கேட்காத பிள்ளைகள், திங்கட்கிழமை காலையில் "சேர், அந்தச் செவப்பா இருக்கிற நட்சத்திரம் என்னா?" என்று வந்து நின்றார்கள்.

பிறகு கட்டாரில் வேலை செய்யும் என் மச்சான், அங்கே ஒருவர் நாடு திரும்பும்போது மலிவாக விற்ற தொலைகாட்டியைக் கொண்டுவந்து தந்தார். 130 மில்லிமீட்டர் ஆடி, 650 மில்லிமீட்டர் குவியத்தூரம், மோட்டார் பூட்டிய தாங்கி. சந்திரனின் பள்ளங்களும் சனியின் வளையமும் நன்றாகத் தெரியும். பார்த்த பிள்ளைகளெல்லாம் சந்தோசப்பட்டார்கள். ஆனால் வேடன் உடுத்தொகுதியின் இடுப்புப் பட்டிக்குக் கீழே இருக்கும் நெபுலாவைக் காட்டியபோது ஒரு பையன் முகத்தைச் சுளித்தான். "புத்தகத்துல கலரா இருக்கே சேர். இது பொகை மாதிரி இருக்கு."

நிறம் வேண்டுமென்றால் கமெராவைப் பூட்டி நீண்ட நேரம் ஒளியைச் சேர்க்க வேண்டும். பூமி சுற்றுவதால் வானம் செக்கனுக்கு 15 வில்செக்கன் வீதம் நகர்ந்துகொண்டே இருக்கும். மோட்டார் அதைத் துரத்தும். ஆனால் மலிவான தாங்கியின் பற்சில்லுகள் ஒரே சீராகச் சுற்றுவதில்லை, கொஞ்சம் முந்தும், கொஞ்சம் பிந்தும். 20 செக்கனுக்கு மேல் கமெராவைத் திறந்துவைத்தால் நட்சத்திரங்களெல்லாம் அரிசி மாதிரி நீண்டுவிடும். மூன்று நிமிடம் திறந்துவைக்க வேண்டுமென்றால் வழிகாட்ட ஒரு ஆள் தேவை.

தோட்டத்து ரோட்டில் கொழுந்து லொறி ரிவேஸ் எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். டிரைவருக்குப் பின்னால் ஒன்றும் தெரியாது. கிளீனர் பையன் பின்னால் நின்று தகரத்தைத் தட்டித் தட்டி "வா வா, கொஞ்சம் இடது, ஹரி ஹரி" என்பான். அதேதான். பெரிய குழாயின் மேல் சின்னக் குழாய் ஒன்று, அதன் பின்னால் சின்னக் கமெரா ஒன்று. அது இரண்டு செக்கனுக்கு ஒரு படம் எடுத்து லெப்டொப்புக்கு அனுப்பும். மென்பொருள் ஒரே ஒரு நட்சத்திரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு, அது அரைப்புள்ளி விலகினாலும் மோட்டாருக்கு "கொஞ்சம் இடது" என்று சொல்லும்.

முன்பெல்லாம் இதை மனிதர்கள் செய்தார்கள். அமெரிக்காவின் மவுன்ட் வில்சன் அவதானிப்பு நிலையத்தில் மில்டன் ஹியூமசன் என்பவர் குளிரில் இராமுழுக்க ஒரு கண்ணைக் குழாயில் வைத்துக்கொண்டு, கையால் திருத்தித் திருத்திப் படம் எடுத்திருக்கிறார். 14 வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவர். அந்த மலைக்குக் கோவேறு கழுதையில் சாமான் ஏற்றிக்கொண்டு போனவர், பிறகு அங்கேயே துப்புரவு வேலை செய்தவர். கடைசியில் ஹபிளோடு சேர்ந்து பிரபஞ்சம் விரிவடைவதை அளந்தார். இதைப் பத்தாம் வகுப்பில் சொன்னபோது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு பிள்ளை மட்டும் "கழுத ஓட்டுனவருக்கு யாரு சேர் வேல குடுத்தது?" என்று கேட்டாள். பெயர் போட வேண்டாம் என்று அவளே சொல்லியிருப்பதால் போடவில்லை.

வழிகாட்டும் மென்பொருளின் பெயர் பிஎச்டி2. இலவசம். பிள்ளைகள் கலாநிதிப் பட்டம் என்று நினைத்துவிட்டார்கள். உண்மையில் "மடையா, இங்கே அழுத்து" என்று அர்த்தம் வரும் மூன்று ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்து அது. ஒரு பொத்தானை அழுத்தினால் போதும் என்பது பகிடி. எனக்கு அந்தப் பொத்தானுக்கு வந்து சேர ஒரு மாதம் பிடித்தது.

முதல் பிரச்சினை கமெரா. பத்து நிமிடம் வேலை செய்யும், பிறகு படம் உறைந்து நின்றுவிடும். சிலவேளை லெப்டொப் அப்படியொரு கமெராவே இல்லை என்று சாதிக்கும். கழற்றிப் பூட்டினால் மீண்டும் பத்து நிமிடம். நான் கேபிளை மாற்றினேன், ஹப்பைக் கழற்றினேன், டிரைவரைத் திரும்பப் போட்டேன், எல்லாம் ஒரே இரவில். வேலை செய்தது. எதனால் வேலை செய்தது என்று தெரியாது. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு "ஒரு பரிசோதனையில் ஒரு மாறியை மட்டும் மாற்ற வேண்டும்" என்று கரும்பலகையில் எழுதிக் கொடுக்கும் ஆள் நான். அடுத்த கிழமை பிரச்சினை திரும்பி வந்தது. இந்த முறை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். குற்றவாளிகள் இரண்டு பேர். பெட்டரியை மிச்சம் பிடிப்பதற்காக விண்டோஸ் தானாகவே யூஎஸ்பி துவாரத்துக்குப் போகும் கரண்டை நிறுத்துகிறது. பவர் செட்டிங்கில் போய் அதை முடக்க வேண்டும். மற்றது கேபிள். இரண்டு கேபிள்களை ஒட்டி ஆறு மீட்டர் ஆக்கியிருந்தேன். யூஎஸ்பி 2 கேபிள் ஐந்து மீட்டரோடு சரி. லெப்டொப்பைத் தொலைகாட்டிக்குப் பக்கத்தில் ஒரு கொழுந்துக் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் வைத்தோம், குறுகிய கேபிள் போட்டோம், முடிந்தது.

இரண்டாவது பிரச்சினை யார் மீதும் பழி போட முடியாதது. இந்தத் தாங்கியின் அச்சு வடதுருவத்தைப் பார்க்க வேண்டும். எல்லா வீடியோக்களிலும் "துருவ நட்சத்திரத்தைப் பாருங்கள்" என்று ஆரம்பிக்கிறார்கள். அது ஒரு இடத்தின் அகலாங்கு எத்தனை பாகையோ அத்தனை பாகை உயரத்தில்தான் நிற்கும். எங்களுக்கு ஏழு பாகைகூட இல்லை. கையை நீட்டி முஷ்டியைப் பிடித்தால் அதன் அகலம் சுமார் பத்துப் பாகை. அதற்கும் கீழே. அந்த இடத்தில் எங்களுக்கு இருப்பது மலை. நாங்கள் பாவாத மலை என்கிறோம், பிள்ளைகள் சிவனொளிபாத மலை என்கிறார்கள். அந்தத் தொடர் வடக்கே மறித்துக்கொண்டு நிற்கிறது. சீசன் காலத்தில் உச்சியில் எரியும் விளக்கு மட்டும் உதவியது. சின்னக் குழாயும் பெரிய குழாயும் ஒரே இடத்தைப் பார்க்கின்றனவா என்று அதை வைத்துத்தான் சரிபார்த்தோம்.

தாங்கியும் ஏழு பாகைக்கு இறங்க மறுத்தது, வெளிநாட்டுக்காரர்களுக்காகச் செய்தது போல. வடக்குப் பக்கக் காலைக் குட்டையாக்கி, தெற்குக் கால்களுக்குக் கீழே பலகை வைத்துச் சாய்த்தோம். பிறகு நட்சத்திரம் எந்தப் பக்கம் மெதுவாக வழுகுகிறது என்று பார்த்துப் பார்த்து அச்சைத் திருத்தும் முறை. தலைக்கு மேலே உள்ள ஒரு நட்சத்திரத்தை வைத்து இட வலம், கிழக்கே மலைக்கு மேல் எழுந்து வரும் ஒன்றை வைத்து மேல் கீழ். மென்பொருளிலேயே அதற்கொரு கருவி இருக்கிறது. இரண்டு இரவு போனது. நமக்கு ஒரு இலாபமும் உண்டு. மென்பொருள் தாங்கியைப் பழக்கிக்கொள்ள, அதாவது கலிபரேஷன் செய்ய, வான மத்தியகோட்டுக்குப் பக்கத்தில் உள்ள நட்சத்திரம்தான் நல்லது. பூமத்தியரேகைக்குக் கிட்ட இருப்பதால் அது நமக்கு ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேலே. எந்த மலையும் மறைக்காது.

இரத்தினபுரியில் வருடத்துக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை. தெளிவான இரவு என்பது ஜனவரியிலும் பெப்ரவரியிலும்தான், அதிலும் சந்திரன் இல்லாத வெள்ளி, சனி. விரல் விட்டு எண்ணலாம். இதற்குள் நான் ஒரு வேலை செய்துவிட்டிருந்தேன். பாடசாலையின் விஞ்ஞான தினத்தில் பிள்ளைகளே எடுத்த நெபுலாப் படம் இருக்கும் என்று அதிபரிடமும் பெற்றோர் கூட்டத்திலும் சொல்லிவிட்டேன். கோயில் கமிட்டித் தலைவர் முற்றத்து ரியூப் லைட்டை அணைத்துத் தர ஒத்துக்கொண்டார். ஒவ்வொரு முறையும் இஷா தொழுதுவிட்டு நான் வரும்போது பிள்ளைகளும் பெரியவர்களும் வந்து படியில் உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொரு முறையும் அரிசி மாதிரி நட்சத்திரங்களோடு வீட்டுக்குப் போனேன். நான்காவது இரவுக்கு வந்தவர்கள் ஆறு பேர்.

அந்தப் பிள்ளை எல்லா இரவும் வந்தாள், அம்மாயியோடு. அம்மா குவைத்தில். அப்பா கொழும்பில் ஒரு கடையில். அம்மாயி தலையில் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு கோயில் படியில் உட்கார்ந்திருப்பார். வேடனின் தோளில் இருக்கும் சிவந்த நட்சத்திரத்தைக் காட்டி "அது திருவாதிர" என்று முதல் நாளே சொன்னவர் அவர். காலில் இருக்கும் ரைஜல் அறபியில் கால் என்று பொருள்படும் ரிஜ்ல் என்ற சொல்லிலிருந்து வந்தது என்று நான் சொன்னபோது, "அப்ப தல எங்க ஆளு, கால் ஒங்க ஆளு" என்று சிரித்தார்.

நான்காவது இரவு, பெப்ரவரி. கமெரா நிற்கவில்லை. அச்சு சரி. நேரத்தை மிச்சம் பிடிக்க, முந்திய இரவு செய்த கலிபரேஷனையே பாவித்தேன். திரையில் மிகப் பளிச்சென்றிருந்த ஒரு புள்ளியை நானே தேர்ந்தெடுத்தேன். பச்சைப் பெட்டி அதைப் பிடித்தது. வரைபு ஓடத் தொடங்கியது. சிவப்புக் கோடும் நீலக் கோடும் அடிமட்டம் வைத்துக் கீறியது போல நேராகப் போயின. அப்படியொரு வரைபை நான் யூடியூப்பில்கூடப் பார்த்ததில்லை. அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்விட்டே சொன்னேன்.

லெப்டொப்புக்குப் பக்கத்தில் அவளைத்தான் உட்கார வைத்திருந்தேன். "சேர்," என்றாள், "மத்த நட்சத்திரம் எல்லாம் ஆடுது. இது மட்டும் ஆடல."

"ஆடாம இருக்கத்தானே இவ்வளவு கஷ்டப்பட்டது" என்றேன்.

முதல் படம் வந்தது. கோடு கோடாக நட்சத்திரங்கள். இரண்டாவதும் அப்படித்தான். வரைபோ நேராக இருக்கிறது. வரைபு சரியென்றால் பிழை வேறு எங்கோ. யாரோ காலில் தட்டியிருக்க வேண்டும். பிள்ளைகளைத் திட்டினேன். அவளையும் சேர்த்துத்தான். "கிட்ட வராதே, நீ காலை ஆட்டிக்கொண்டே இருக்கிறாய்" என்றேன். அவள் எழுந்து போய் அம்மாயியின் பக்கத்தில் நின்றுகொண்டாள். அவ்வளவு தூரத்திலிருந்தும் கண் மட்டும் திரையில்தான்.

பத்து மணி போல மேகம் வந்தது. வேடன் மறைந்தான், திருவாதிரை மறைந்தது, முழு வானமும் போர்வை போட்டது போல. நான் மூடிகளைத் தேட ஆரம்பித்தேன். அவள் படியிலிருந்தே கத்தினாள்.

"சேர், மேகம் வந்தும் அது போகல!"

ஓடி வந்து பார்த்தேன். சின்னக் கமெராவின் திரையில் எல்லா நட்சத்திரமும் அணைந்துவிட்டது. பச்சைப் பெட்டிக்குள் இருந்தது மட்டும் அப்படியே பளிச்சென்று நின்றது. வரைபு இன்னும் நேராக ஓடிக்கொண்டிருந்தது.

விளங்கியவர்களுக்கு விளங்கியிருக்கும். அது நட்சத்திரமே இல்லை. கமெராச் சில்லில் பழுதான ஒரு புள்ளி. ஹொட் பிக்சல் என்பார்கள். ஒளி படாவிட்டாலும் எரியும், சூடான இரவுகளில் இன்னும் கூடுதலாக. அது கமெராவின் உடம்பிலேயே இருப்பதால் ஒருநாளும் ஆடாது, நகராது. கிளீனர் பையன் ரோட்டைப் பார்க்காமல் லொறியின் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பார்த்துக்கொண்டே "நேரா இருக்கு, ஹரி ஹரி" என்பது போல. லொறி பள்ளத்துக்குள் போனாலும் ஸ்டிக்கர் நேராகத்தான் இருக்கும். அன்றிரவு புதிதாகக் கலிபரேஷன் செய்திருந்தால் "நட்சத்திரம் போதியளவு நகரவில்லை" என்று மென்பொருள் அங்கேயே நிறுத்தியிருக்கும். நான் நேரம் மிச்சம் பிடித்தேனே. அதற்கும் முன்னால், டார்க் படங்கள் எடுத்துக்கொள்ளச் சொல்லி முதல் நாளே அது எச்சரிக்கை காட்டியது. "மறுபடி காட்டாதே" என்ற பொத்தானை அழுத்தியவன் நான். அந்தப் பொத்தானில் மட்டும் எனக்குத் தடுமாற்றம் வரவில்லை.

அன்று இரவு அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். மற்றப் பிள்ளைகளுக்கு முன்னால்தான் திட்டினேன், ஆகவே அவர்களுக்கு முன்னாலேயே கேட்டேன். அவள் அதைப் பெரிதுபடுத்தவில்லை. "அப்ப இத எப்படி சேர் அழிக்கிறது?" என்றுதான் கேட்டாள். வீட்டுக்கு வந்து தவணை அறிக்கைகளை எடுத்துப் பார்த்தேன். போன தவணை அவளுடைய அறிக்கையில், என் கையெழுத்தில், "வகுப்பில் கவனம் போதாது" என்றிருந்தது. எதைப் பார்த்து அப்படி எழுதினேன் என்று யோசித்தேன். கொப்பி சுத்தமாக இல்லை, அதைப் பார்த்து.

அழிக்கும் முறை இலேசானது. சின்னக் குழாயை மூடிவிட வேண்டும். எங்களிடம் இருந்தது பால்மா டின் மூடி. வெளிச்சமே புகாமல், பாவிக்கப்போகும் ஒவ்வொரு நேர அளவுக்கும், ஒரு செக்கன், இரண்டு செக்கன், மூன்று செக்கன் என்று மென்பொருள் இருட்டுப் படங்களை எடுத்துச் சேமித்துக்கொள்ளும். இருட்டிலும் எரியும் புள்ளிகள் எவையென்று அதற்குத் தெரிந்துவிடும், பிறகு அவற்றைக் கழித்துவிடும். சந்தேகம் இருந்தால் நட்சத்திரத்தின் குறுக்குவெட்டைக் காட்டும் சின்னப் பெட்டி ஒன்றும் இருக்கிறது. உண்மையான நட்சத்திரம் குன்று மாதிரி உயர்ந்து இறங்கும். பழுதான புள்ளி கம்பம் மாதிரி நிற்கும். இதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அவள் ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டுப் பார்த்து "கம்பம், குன்று, குன்று, கம்பம்" என்று பிரித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த அமாவாசைக்குக் கிட்டிய சனிக்கிழமை லெப்டொப் முழுவதும் அவள் பொறுப்பு. கலிபரேஷன் புதிதாகச் செய்தாள். இந்த முறை வரைபு நேராக இல்லை, கோடுகள் நடுங்கின, கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே. பார்க்கவே வயிற்றைக் கலக்கியது. முதல் மூன்று நிமிடப் படம் திறந்தபோது நட்சத்திரங்கள் எல்லாம் உருண்டையாக இருந்தன. நெபுலா இளஞ்சிவப்பாக, சிறகு விரித்த மாதிரி. அம்மாயி எழுந்து வந்து திரைக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார், ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஒளி அங்கிருந்து புறப்பட்டு 1,300 வருடத்துக்கு மேல், ஏறக்குறைய ஹிஜ்ரி முதல் நூற்றாண்டில், என்று நான் சொன்னதைப் பிள்ளைகள் யாரும் கேட்கவில்லை. யார் போனில் முதலில் படம் எடுப்பது என்று சண்டை.

அன்று எடுத்த 22 படங்களில் 13 தான் தேறின. வேடன் மேற்கே சாயச் சாய, வரைபு ஒழுங்காக இருந்தும் நட்சத்திரங்கள் ஒரே பக்கமாக நீளத் தொடங்கின. இது வேறு நோய். சின்னக் குழாயைப் பிடித்திருக்கும் இரண்டு பிளாஸ்டிக் ஆணிகள் இளகி, அது பெரிய குழாயைவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத் தொங்குகிறது. சைக்கிள் டியூப்பை வெட்டி இறுக்கிக் கட்டியிருக்கிறோம். முழுதாகச் சரிவரவில்லை. படத்தின் இடது கீழ் மூலையைப் பெரிதாக்கிப் பார்த்தால் உங்களுக்கும் தெரியும்.

விஞ்ஞான தினத்தில் படம் சுவரில் இருந்தது, கீழே அவளுடைய வகுப்பின் பெயரோடு. திருவிழாவுக்கு அப்பா வந்திருந்தார். பாடசாலைக்குக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினாள். ஓ/எல் எழுதாமலே அவளைக் கொழும்பில் ஒரு புடவைக் கடையில் சேர்ப்பதாக வீட்டில் பேச்சு இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும். அவர் படத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு மரியாதையாகத்தான் கேட்டார், "இந்த வேலைக்கு எவ்வளவு சேர் சம்பளம்?"

என்னிடம் பதில் இருக்கவில்லை. பொய் சொல்லவும் விருப்பமில்லை. கணிதமும் விஞ்ஞானமும் இப்படி விளங்கும் பிள்ளையை ஓ/எல் வரைக்குமாவது விடுங்கள் என்றேன். யோசிக்கிறேன் என்றார். கடைக்காரருக்கு சித்திரை கழியட்டும் என்று சொல்லியிருப்பதாக அம்மாயி பிறகு சொன்னார். இப்போதைக்கு அவ்வளவுதான்.

இந்த மாத அமாவாசைக் கிழமையில் வானம் விட்டால் மீண்டும் கோயில் முற்றத்தில் இருப்போம், இன்ஷா அல்லாஹ். பலாங்கொடையிலிருந்து வர விரும்புபவர்கள் சொல்லுங்கள், கடைசி பஸ் போய்விடும் என்பதால் ஒரு வேன் பார்க்கலாம். டோர்ச்சுக்குச் சிவப்பு டிஷ்யூ சுற்றிக்கொண்டு வாருங்கள். எங்களிடம் இருக்கும் ஒரே குறுகிய யூஎஸ்பி கேபிளை எலி கடித்துவிட்டது. ஒரு மீட்டர் கேபிள் யாரிடமாவது சும்மா கிடந்தால் இன்பொக்ஸ் பண்ணுங்கள்.